‘மாஷ்’ தொடரை அக்காவோடு மறுபடி பார்க்கத் தொடங்கினேன், ஏழாவது எபிசோடில் நின்றுவிட்டது

பின்வரிசை (கேள்வி):

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நானும் அக்காவும் சின்ன வயதில் ஒன்றாக உட்கார்ந்து பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்த தொடர் ‘மாஷ்’. கொரியப் போரின்போது ஒரு கூடார மருத்துவமனை, அதில் வேலை பார்க்கும் அமெரிக்க ராணுவ டாக்டர்கள், நர்ஸ்கள். 1972-இல் தொடங்கி 1983 வரை 11 சீசன் வந்தது. நிஜப் போர் மூன்று வருடத்தில் முடிந்துவிட்டது. அக்கா நர்ஸிங் படிக்கப் போனதற்கு இந்தத் தொடரும் ஒரு காரணம் என்று நான் இன்றுவரை நம்புகிறேன்.

போன வருடம் அக்கா ஓய்வு பெற்றாள். முப்பத்து நான்கு வருட வேலை, அதில் கடைசி ஒன்பது வருடம் ஹெட் நர்ஸ். நாங்கள் வேறு வேறு ஊரில் இருக்கிறோம். அதனால் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு அவரவர் வீட்டில் ஒரே எபிசோடைப் போட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு பார்ப்பது என்று முடிவு செய்தோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஒரே நேரத்தில் பிளே பட்டனை அழுத்துவோம். வாரம் முழுக்க அந்த அரை மணி நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

ஏழு எபிசோடோடு அக்கா போதும் என்று சொல்லிவிட்டாள்.

இரண்டாவது வாரமே “இந்த நர்ஸ் பேரு என்னடா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் வேறொரு நர்ஸைக் காட்டி அதையே கேட்டாள். அப்புறம் தேடிப் பார்த்தேன். அந்தத் தொடரில் ஏபிள், பேக்கர் என்ற பெயர்களில் நர்ஸ்கள் வருகிறார்கள். அவை அந்தக் கால ராணுவ வயர்லெஸ்ஸில் ஏ, பி என்ற எழுத்துகளைக் குறிக்கச் சொன்ன சொற்கள். ஒரே பெயரில் வேறு வேறு வாரம் வேறு வேறு நடிகைகள் வருவார்கள். இவர்களுக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று எழுதியவர்கள் யோசிக்கக்கூட இல்லை. டாக்டர்கள் ஹாக்ஐயும் டிராப்பரும் துரத்துவார்கள், இவர்கள் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். முதல் சீசனில் பெரும்பாலும் அவ்வளவுதான் அவர்கள் பங்கு. மேஜர் மார்கரெட் ஹூலிஹன் தலைமை நர்ஸ். முதல் சீசனைப் பொறுத்தவரை அவள் இருப்பதே கேலி செய்யப்படுவதற்கு.

அக்கா சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. “பன்னிரண்டு மணி நேரம் தியேட்டர்ல நின்னுட்டு வெளிய வர்றவள துரத்துறாங்க. அவ எதுக்குச் சிரிக்கிறா? பார்க்கும்போது எனக்குக் கால்தான் வலிக்குது.”

அவள் சொன்னபிறகு எனக்கும் அந்தக் காட்சிகள் கசந்துவிட்டன. ஆனால் தொடரை விடவும் மனம் வரவில்லை. தனியாக மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடைப் போட்டுப் பார்த்தேன். 1975-இல் வந்தது. மருத்துவமனையின் தலைமை அதிகாரி ஹென்றி பிளேக்குக்கு ராணுவத்திலிருந்து விடுதலை கிடைத்து எல்லாரையும் கட்டிப்பிடித்துவிட்டு ஊருக்குப் புறப்படுகிறார். கொஞ்ச நேரத்தில் அலுவலக உதவியாளன் ராடர் ஆபரேஷன் அறைக்குள் வந்து, அவர் போன விமானம் ஜப்பான் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை என்று படிக்கிறான். அந்தக் கடைசிப் பக்கத்தை மற்ற காட்சிகள் எல்லாம் எடுத்து முடியும்வரை நடிகர்களிடம் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். யாரும் கத்தவில்லை. கைகள் தையல் போட்டுக்கொண்டே இருக்கின்றன. எங்கோ ஒரு கருவி கீழே விழும் சத்தம் மட்டும். ஐம்பது வருடம் ஆகியும் அந்த ஒரு நிமிடத்தில் தூசு படியவில்லை.

ஒரே தொடருக்குள், ஒரே எழுத்தாளர் குழுவுக்குள், இப்படி ஒன்று கெட்டுப்போயும் ஒன்று அப்படியே புதிதாகவும் இருப்பது எப்படி? வருடம் ஓடியதுதான் காரணம் என்றால் இரண்டும் சேர்ந்தே கெட்டிருக்க வேண்டும். பழைய தொடர்களைத் திரும்பப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். அக்காவை எந்த எபிசோடில் திரும்ப உட்காரவைக்கலாம் என்று யாராவது சொன்னால் ரொம்ப நன்றியுடையவனாக இருப்பேன்.

---

ஒலிமேசை:

நான் ஒலித் தொகுப்பு வேலை பார்ப்பவன். அதனால் முதலில் ஒரு கேள்வி. நீங்கள் பார்த்தது பின்னணிச் சிரிப்போடு உள்ள பதிப்பா, இல்லாததா?

‘மாஷ்’ எடுக்கப்பட்டபோது எதிரே ரசிகர்கள் யாரும் கிடையாது. சினிமா போல ஒற்றைக் கேமரா வைத்து எடுத்தது. சிரிப்பு முழுவதும் பிறகு ஒட்டியது. சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950-களில் இதற்கென்றே ஓர் இயந்திரம் செய்தார். பட்டனை அழுத்தினால் விதவிதமான சிரிப்பு வரும். தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட்டுக்கு அது பிடிக்கவில்லை, சேனல் விடவில்லை. கடைசியில் ஆபரேஷன் அறைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு கூடாது என்று சமரசம் ஆனது. ஹென்றி செய்தி வரும் காட்சி ஏன் அப்படியே நிற்கிறது என்று கேட்டீர்களே, அதற்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. அந்த அறைக்குள் எப்போது சிரிக்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

பிரிட்டனில் பிபிசி சிரிப்பை நீக்கிவிட்டே ஒளிபரப்பியது. டிவிடியிலும் சிரிப்பில்லாமல் பார்க்க ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டுப் பாருங்கள், நீங்கள் பார்த்தது வேறு தொடர் என்று தோன்றும். ஹாக்ஐயின் நையாண்டி, தூக்கமில்லாத ஒரு மனிதன் பைத்தியம் பிடிக்காமலிருக்கப் பேசிக்கொண்டே இருப்பதாகக் கேட்கும்.

எல்லாத் தொடருக்கும் இது பொருந்தாது. ‘ஐ லவ் லூசி’ 1951-இல் வந்தது. அதில் நிஜ ரசிகர்களை உட்காரவைத்து, மூன்று கேமராவில் 35 மி.மீ. பிலிமில் எடுத்தார்கள். லூசில் பால் ஒரு முகபாவம் காட்டிவிட்டுச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பார், அடங்கும் நேரத்தில் இன்னொன்று செய்து மறுபடி கிளப்பிவிடுவார். அங்கே ரசிகர்களும் ஒரு வாத்தியம் மாதிரி. அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டால் நடிப்பே உடைந்துபோகும். சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியைப் போன மாதம்கூடப் பார்த்தேன். பெல்ட்டில் வரும் சாக்லேட்டின் வேகம் கூடக்கூட அவருடைய கண்கள் மாறுவதைப் பாருங்கள். எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று யாரும் நம்ப மாட்டார்கள். பிலிமில் எடுத்ததால் படமும் பளிச்சென்று இருக்கிறது. ‘ட்வைலைட் ஸோன்’ தொடரின் இரண்டாவது சீசனில் செலவைக் குறைக்க ஆறு எபிசோடை வீடியோ டேப்பில் எடுத்தார்கள். கதை நன்றாக இருந்தும் அந்த ஆறும் மற்றவற்றுக்குப் பக்கத்தில் மங்கலாகத்தான் தெரிகின்றன.

இன்னொன்று, எனக்கு நிஜமாகவே கோபம் வரும் விஷயம். பழைய சதுரப் படத்தை இன்றைய அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள். ‘சைன்ஃபெல்ட்’ தொடரில் சாலைப் பள்ளத்தை வைத்து ஓர் எபிசோட் உண்டு. 2021-இல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது படத்தை வெட்டியதில் அந்தப் பள்ளமே திரைக்கு வெளியே போய்விட்டது. இரண்டு பேர் குனிந்து எதையோ பார்க்கிறார்கள், எதை என்று தெரியாது. ‘டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி’ ஒரு ரேடியோ நிலையத்தைப் பற்றிய தொடர், பாட்டுதான் அதற்கு உயிர். டிவிடி வந்தபோது உரிமத் தொகை கட்டுப்படியாகாமல் பல பாட்டுகளை மாற்றிப் போட்டார்கள். இப்படிப்பட்ட பதிப்பைப் பார்த்துவிட்டு “பழசு தாங்கவில்லை” என்று சொல்வது அந்தத் தொடருக்குச் செய்யும் அநியாயம்.

---

நிலாமுகம்:

ஒலிமேசை சொன்னது எல்லாம் சரி. ஆனால் பின்வரிசையின் அக்கா கேட்டது ஒலியைப் பற்றி அல்ல. சிரிப்பை நீக்கினாலும் அந்த நர்ஸுக்குப் பெயர் வந்துவிடாது.

என் கதையைச் சொல்கிறேன். ‘ஃப்ரெண்ட்ஸ்’ இரண்டாவது சீசனில் ஒரு பழைய வீடியோவை எல்லாரும் சேர்ந்து பார்க்கும் எபிசோட் இருக்கிறது, 1996-இல் வந்தது. அந்த வீடியோவில் இளவயது ராஸ், ரேச்சலை நடனத்துக்குக் கூட்டிப்போக அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு பூவோடு தயாராகி வருகிறான். அதற்குள் அவளைக் கூட்டிப்போக வேண்டியவன் வந்துவிட, எல்லாரும் கிளம்பிப் போகிறார்கள். இவன் மட்டும் படிக்கட்டில் பூவோடு நிற்கிறான். வீடியோ முடிந்ததும் ரேச்சல் எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் அறையைக் கடந்துபோய் அவனை முத்தமிடுகிறாள். தொலைக்காட்சி நகைச்சுவையில் இவ்வளவு அழகான நிமிடம் குறைவு என்பேன். இன்றும் கண் கலங்கும்.

அதே வீடியோவில்தான் ராஸின் தங்கை மோனிகா குண்டுப் பெண்ணாக முதல்முறை வருகிறாள். நடிகைக்குப் பருமனாகக் காட்டும் உடுப்பை மாட்டிவிட்டிருக்கிறார்கள். அவள் திரையில் தெரிந்ததும் சிரிப்பு. கையில் தின்பண்டம், அதற்கும் சிரிப்பு.

நான் அதைப் பதினாறு வயதில் விடுதி டிவி அறையில் பார்த்தேன். அந்த அறையில் பெரிய உடம்புக்காரி நான் ஒருத்திதான். சிரிப்பு வந்ததும் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கெட்ட எண்ணத்தோடு பார்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன், கண் தானாகவே என் பக்கம் வந்தது. நான் சிரித்தேன். அவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

இருபது வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது “அந்தக் காலத்தில் இது தப்பாகத் தெரியவில்லை” என்று ஒரு தோழி சொன்னாள். யாருக்குத் தெரியவில்லை? எனக்கு அன்றைக்கே தெரிந்தது. சொல்ல இடமில்லை, அவ்வளவுதான். பின்வரிசை, உங்கள் அக்காவுக்கும் சின்ன வயதிலேயே ஏதோ உறுத்தியிருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

---

மரப்பலகை:

நிலாமுகத்தின் பதிலைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. இருந்தாலும் ஒரு பயத்தைச் சொல்ல வேண்டும். உறுத்துவதை எல்லாம் ஒதுக்கினால், உறுத்த வேண்டும் என்றே எழுதப்பட்ட நல்ல தொடர்களும் போய்விடும்.

‘ஆல் இன் த ஃபேமிலி’ 1971-இல் தொடங்கியது. ஆர்ச்சி பங்கர் என்ற குடும்பத் தலைவர் வாயைத் திறந்தால் இனவெறிப் பேச்சு. நார்மன் லியர் அவரைப் படைத்ததே அந்தப் பேச்சு எவ்வளவு சிறுமையானது என்று காட்டத்தான். இன்று பழைய தொடர்களின் முன்னால் எச்சரிக்கை வாசகம் போடுவதைப் பார்த்துச் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அந்தத் தொடரின் முதல் எபிசோடுக்கு முன்னாலேயே, 1971-லேயே, சேனல் விளக்கக் குறிப்பு போட்டது.

நான் இதைச் சொல்லும்போதே எனக்கு எதிரான சாட்சியையும் வைத்துவிடுகிறேன். 1974-இல் விட்மார், ரோக்கீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தத் தொடரைப் பார்ப்பவர்களை ஆராய்ந்தார்கள். ஏற்கெனவே வெறுப்பு மனத்தில் இருந்தவர்கள் ஆர்ச்சியைத் தங்கள் ஆள் என்றே ரசித்தார்கள், அவர் ஜெயிப்பதாகவே நினைத்தார்கள். எழுதியவர் ஒன்றை நினைத்தார், பார்த்தவர்களில் ஒரு பகுதி வேறொன்றை எடுத்துக்கொண்டார்கள். அப்படியானாலும் அந்தத் தொடரை விட்டுவிட மாட்டேன். ஆர்ச்சி பேசும்போது மருமகன் எதிர்த்துப் பேசுகிறான், பக்கத்து வீட்டுக் கறுப்பின இளைஞன் லயனல் அவரை நைசாக மடக்குகிறான். திட்டு வாங்குபவனுக்கு அங்கே பெயர் இருக்கிறது, வாய் இருக்கிறது. ஒரு ஹோட்டலில் நடக்கும் பிரிட்டிஷ் தொடர் ‘ஃபால்டி டவர்ஸ்’ பன்னிரண்டே எபிசோட், கட்டமைப்பில் கடிகாரம் மாதிரி. ஹோட்டல்காரர் பேஸில் கத்துவதும் மாட்டிக்கொள்வதும் இன்றும் எனக்குச் சிரிப்புதான். அவர் ஸ்பெயின்கார வெயிட்டர் மேனுவலை அடிக்கும் இடங்களில் மட்டும் சிரிப்பு பாதியில் நிற்கிறது. மேனுவலுக்குத் திருப்பிச் சொல்ல மொழி போதவில்லை என்பதே அங்கே நகைச்சுவை.

---

நிலாமுகம்:

மரப்பலகை, ஒதுக்கச் சொல்லவில்லை. இப்போதும் வருடத்துக்கு ஒரு முறையாவது அந்த எபிசோடைப் பார்க்கிறேன். அந்த இடம் வந்தால் சிரிப்பதில்லை, அவ்வளவுதான் மாறியிருக்கிறது.

---

மழைக்கோட்டு:

எனக்குத் துப்பறியும் தொடர்கள்தான் பிடிக்கும். யார் கொலையாளி என்ற ஒரே கேள்வியில் தொங்கும் கதைகள் இரண்டாம் முறை பார்க்கும்போது செத்துவிடுகின்றன. ‘கொலம்போ’ சாகவில்லை, ஏனென்றால் கொலை செய்வது யார் என்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். மிச்சம் இருப்பது அந்தக் கசங்கிய கோட்டுக்காரர் ஒரு பணக்காரனின் திமிரை மெதுவாகக் கரைப்பது. அதை எத்தனை முறையும் பார்க்கலாம். 1971-இல் வந்த முதல் சீசனின் முதல் எபிசோடை இயக்கியது இருபத்து நான்கு வயது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். கேமரா எங்கே நிற்கிறது என்று மட்டும் கவனித்தே ஒரு தடவை பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. அது வாராவாரம் வந்த தொடர்கூட இல்லை. வேறு தொடர்களோடு மாற்றி மாற்றி, வாரங்கள் இடைவிட்டு வந்தது. ஒரே வாரத்தில் எட்டு எபிசோட் பார்த்துவிட்டு “எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது” என்று சொன்ன நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பின்வரிசை, ஞாயிறுக்கு ஒன்று என்ற உங்கள் கணக்கு ரொம்பச் சரி. அதை மாற்றாதீர்கள்.

---

குறுக்குவழி:

ஐந்தாவது சீசன், ‘த நர்ஸஸ்’. 1976.
பிறகு ஏழாவது சீசன், ‘பாயிண்ட் ஆஃப் வியூ’. 1978. முழுக்க ஒரு காயம்பட்ட சிப்பாயின் கண் வழியாகவே எடுத்தது.
அக்காவுக்குக் கதையை முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

---

பின்வரிசை:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஒலிமேசை சொன்னபடி டிவிடி வாங்கி ஒரு செட்டை அக்காவுக்கும் அனுப்பினேன். சிரிப்பை நிறுத்துவது எப்படி என்று போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். “இது ஒண்ணு மட்டும்தான், பிடிக்கலன்னா வெச்சிருவேன்” என்றாள். குறுக்குவழி சொன்ன ‘த நர்ஸஸ்’ போட்டோம்.

பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும், சொல்லாமல் முடியவில்லை. மார்கரெட் தன் கீழே உள்ள நர்ஸ்களிடம் கறாராக நடந்துகொள்கிறாள். அவர்களும் அவளுக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது அவள் வெடிக்கிறாள். ஒரு தடவையாவது, ஒரு காப்பிக்காவது என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்களா என்று கேட்கிறாள். கூப்பிட்டாலும் வர மாட்டீர்கள் என்று நினைத்தோம் என்கிறார்கள். நினைத்தது தப்பு என்கிறாள்.

அக்கா பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். எபிசோட் முடிந்து, டிவியை நிறுத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் அவளாகப் பேசினாள். ஹெட் நர்ஸ் ஆன பிறகு நைட் டியூட்டியில் அவள் ஓய்வறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுமாம். நாற்காலியை இழுத்துப் போடுவார்களாம், எழுந்து நிற்பார்களாம், உட்காரு என்று யாரும் சொன்னதில்லையாம். அதனால் கடைசி ஒன்பது வருடமும் தன் டிபன் பாக்ஸை ஸ்டோர் ரூமில்தான் திறந்திருக்கிறாள். ஒரு வாரம்கூடப் பேசாமல் இருந்ததில்லை நாங்கள். இதை ஒருநாளும் சொன்னதில்லை. “கூப்பிட்டிருந்தா போயிருப்பேன்டா” என்றாள்.

நிலாமுகம், நீங்கள் சொன்னதையும் கேட்டேன். சின்ன வயதில் அந்தத் துரத்தும் காட்சிகளில் நீ சிரித்தாயா என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீ சிரிக்கிறதப் பார்த்துச் சிரிச்சேன்” என்றாள். அந்த நாட்களை மனத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். டிவி தெரிகிறது, தரையில் விரித்த பாய் தெரிகிறது. பக்கத்தில் அக்கா முகம் எப்படி இருந்தது என்று மட்டும் தெரியவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை போலிருக்கிறது.

முதல் சீசனுக்கு இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், நானும் கேட்கப்போவதில்லை. ஐந்தாவதிலிருந்து மேலே போகிறோம். முக்கிய நடிகர்களில் முதல் எபிசோடிலும் கடைசி எபிசோடிலும் இருப்பவர்கள் ஹாக்ஐயாக நடித்த ஆலன் ஆல்டாவும் மார்கரெட்டாக நடித்த லொரெட்டா ஸ்விட்டும் மட்டும்தான் என்று சொன்னேன். “அப்போ அவ எங்க போய்ச் சேர்றான்னு பார்க்கணும்” என்றாள்.

வரும் ஞாயிறு ‘பாயிண்ட் ஆஃப் வியூ’. ஒன்பது மணிக்கு.